அனுமதி பெற்ற குழி

பெண்சாதியோடு குடியிருப்பது கண்டியில் தங்குவதற்குத் தகுந்த காரணம் அல்ல என்பது, பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்தபோதுதான் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தெரிய வந்தது. கலியாணத்தின்போது ஐயரும் இதைச் சொல்லவில்லை, பதிவுகாரரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. வடக்கிலிருந்து வந்த தமிழர்கள் தங்கும் இடத்தையும் தங்கும் காரணத்தையும் பொலிசில் பதிய வேண்டிய காலம். அவன் மனைவி கமலாசனி கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அரசாங்கமே அனுப்பி வந்தவள் என்பதால் அவளிடம் காரணம் இருந்தது. அவளைக் கட்டியவனிடம் இல்லை. அவன் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தகப்பனோடு வெங்காயமும் புகையிலையும் செய்தவன். அந்தத் தோட்டக்காணி இப்போது இராணுவ முகாமுக்குள் போய்விட்டது. தொழில் தோட்டம் என்று சொன்னதும் சார்ஜன்ட், கண்டியில் தோட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் காரணமும் இல்லை. காரணம் இல்லாதவர், வடக்கிலிருந்து வருகிறவர்களை மறித்து வைக்கிற வவுனியா முகாமுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்தபடி ஆறுதலாகக் காரணம் தேடலாம்.

சார்ஜன்ட் கெட்ட மனிதர் அல்லர். "சும்மா இருக்க வேணாம். ஒரு காரணம் கொண்டு வா. நான் போடுறேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் புத்தி சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் அவன் மத்திய மலைநாட்டுப் பசுமைத் தொண்டர் சபையின் படியேறினான். அங்கே ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் சமூகத்துக்கும் சுற்றாடலுக்கும் தொண்டு செய்தால் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழைப் பொலிஸ் காரணமாக ஏற்றுக்கொள்ளும். அதுவரைக்கும் தொண்டர் என்று காட்ட ஒரு அட்டை. பெண்சாதியோடு இருக்க முடியாதவன் மரத்தோடு இருக்கலாம் என்பது நாட்டின் சட்டம்.

சபையின் தலைவர் நவரட்ணராஜா, அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்து இளைப்பாறியவர். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கண்டிக்கு வந்து அரை ஆயுள் ஆகிவிட்டது. ஊரிலிருந்து புதிதாக ஒருவன் வந்தால் வாசல் விளக்கை அணைக்கிற சாதி.

"சம்பளம் இல்லை எண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுகொண்டும் வந்தனீர்?"

"ஓம் ஐயா."

நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றினார். "பாரும் தம்பி, சம்பளம் வேண்டாம் எண்டு வாறவனைத்தான் நான் முதலில சந்தேகப்படுறது. இந்தக் காலத்தில ஆர் சும்மா வேலை செய்யினம்?"

தொண்டர் சபைத் தலைவரின் வாயிலிருந்து இது வந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா திகைத்துத்தான் போனான். உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்து, மனைவியோடு இருப்பதற்காகத்தான் வந்தேன் என்றான். தலைவருக்கு முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லும். சுயநலம். சுயநலம் இருக்கிறவனை நம்பலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

பிறகு உறுதிமொழி. வலது கையை உயர்த்தி, இடது கையில் ஒரு பூச்சாடியை ஏந்தி, மூன்று மொழியிலும் சொல்ல வேண்டும். மண்ணுக்கு, மரத்துக்கு, மனிதகுலத்துக்கு, சபையின் சட்டயாப்புக்கு, தலைவருக்கு என்று விசுவாசம் வரிசையாகப் போனது. பூச்சாடியில் இருந்தது பிளாஸ்ரிக் பூ. உயிர்ச்செடி என்றால் ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு ஆளில்லை என்று எழுதுவினைஞர் காதோடு சொன்னார்.

முதல் வேலை தெல்தெனியப் பாதையில், நீர்த்தேக்கத்தைப் பார்த்த சரிவில். அங்கே மண் அரித்து அரித்து மழைக்கு மழை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மரம் வைத்து மண்ணை நிறுத்த வேண்டும். சபையின் லொறிக்காரர் அலவத்துகொட றிஸ்வி மருதங்கன்றுகளை ஏற்றி வந்திருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா அலவாங்கைக் கையில் வாங்கியதும் தன் தோட்டத்துக்கே போய்விட்டவன்போலானான். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கயிறு பிடித்து வெட்டியதுபோலக் குழி வெட்டிக்கொண்டே போனான்.

றிஸ்விக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, நீங்க இவ்வளவு வடிவா வெட்டாதீங்க. பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"மரம் வைக்கிற குழி எண்டு நினைப்பான், நாநா."

"அல்லாவே! ஒங்கட ஊருப் பேரச் செல்லிப்போட்டு இந்தக் காலத்தில குழி தோண்டினா, மரம் எண்டா நெனப்பான்?"

மத்தியானத்துக்குள் இரண்டு ட்ரக்கில் ஆமிக்காரர் வந்து சரிவைச் சுற்றி வளைத்தார்கள். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தக் காலத்தில் மடி எப்படியிருந்தாலும் வழியில் பயந்தே ஆக வேண்டும். அவன் குப்புறப் படுத்திருக்க, அதிகாரி ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத குழிகள் இத்தனை எதற்கு என்பதுதான் அவருடைய சந்தேகம். பக்கத்தில் மருதங்கன்றுகளைக் காட்டியபோது, அவற்றைக் குழிகளை மறைப்பதற்காகக் கொண்டுவந்த செடிகள் என்று குறித்துக்கொண்டார்.

தலைவர் வந்து பேசி மீட்டார். அன்று ஏற்பட்ட உடன்பாடு சபையின் வரலாற்றில் ஒரு திருப்பம். எல்லாக் குழிகளையும் மூடிவிடுவது. ஒரே ஒரு குழியை மட்டும் பாதுகாப்புப் பிரிவினர் நாயையும் கருவியையும் கொண்டு சோதித்து, அனுமதி கொடுப்பது. இன்னொரு குழி வேண்டுமென்றால் கொழும்புக்கு எழுதிப் பதில் எடுக்க வேண்டும். சபை எழுதியது. பதில் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும்.

ஆகையால் அந்தச் சரிவுக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்த ஒரு குழியிலேயே மரம் நட்டார்கள். காலையில் ஒருவர் நடுவார். வாழ்த்துப்பா, கைதட்டு, படம். ஜீப் வளைவில் மறைந்ததும் ஸ்ரீஸ்கந்தராசா ஓடிப்போய்க் கன்றைத் தூக்கி எடுத்து, மண்ணைத் தட்டி, இலையைத் துடைத்து, அடுத்தவருக்கு ஆயத்தமாக நிழலில் வைப்பான். தூக்க வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கன்றைப் பொலித்தீன் பையோடேதான் நடுவது வழக்கம். பையைக் கழற்றக்கூடாது என்பது தலைவரின் எழுத்து மூலமான கட்டளை.

"ஐயா, பைக்குள்ள வேர் சுத்துது. கண்டு செத்துப்போகும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"உமக்கு மரத்தில ஏன் இவ்வளவு அக்கறை?" என்று தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

பதில் சொன்னால் வினை என்று கன்றைத் துடைக்கப் போய்விட்டான். இப்படிக் கன்றுகள் மாறி மாறிச் செத்தன. குழி மட்டும் நல்ல திடகாத்திரமாக இருந்தது. சபையின் மண்டபத்தில் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பிரமுகர் பின்னே பிரமுகர், மருது பின்னே மருது. பார்த்தவர்களுக்கு அது ஒரு காடு.

சமூகத் தொண்டும் குறைவில்லை. கடுகண்ணாவையில் ஒரு சிரமதானம் வைத்தார்கள். பிரதம விருந்தினர் விளக்குமாறு பிடித்து வீதி கூட்டுவதாக ஏற்பாடு. அவர் வரப்போகிறார் என்று பாதுகாப்புக்காரர் முதல் நாளே வந்து, குப்பைக்குள் குண்டு இருக்கலாம் என்று வீதியைத் துடைத்துக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டுவதற்கு ஒரு காய்ந்த இலை இல்லை. தலைவர் பதறினார். கடைசியில் றிஸ்வியின் லொறியில், சோதனை செய்து அனுமதி பெற்ற குப்பை வந்து இறங்கியது. ஸ்ரீஸ்கந்தராசா அதை வீதியெங்கும் அழகாகத் தூவினான். விருந்தினர் அதில் ஒரு முழத்தைக் கூட்டினார். மிச்சத்தை அடுத்த சிரமதானத்துக்கென்று சாக்கில் கட்டி வைத்தார்கள்.

"எனக்கு முந்தி மற்றவையில சந்தேகம் இருந்தது" என்று அன்று வீட்டில் அவன் மனைவியிடம் சொன்னான். "இப்ப என்னிலயே சந்தேகமாக் கிடக்கு. நான் என்ன செய்யிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை."

கட்டுக்கலையில் அவர்களுக்கு ஒரு அறை. கமலாசனி அடுப்பில் பாண் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தாள். "விளங்க வேண்டாம். அட்டையைக் கவனமா வைச்சிருங்கோ" என்றாள். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது.

தை மாதக் கடைசியில் கண்டியில் குண்டு வெடித்தது. புத்தரின் பல்லை வைத்த பெரிய கோயில் சிதைந்தது, மனிதர் சிதறினார்கள். அதில் பகிடி விட எனக்கு வாய் வராது. அதற்கு மறுநாள் அறை அறையாக வந்து தமிழ் ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போனதிலும் பகிடி இல்லை. ஸ்ரீஸ்கந்தராசாவையும் ஏற்றினார்கள். இரண்டு இரவு சீமெந்துத் தரையில் இருந்தான். அட்டையைப் பார்த்து, மரம் நடுகிற ஆள் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்தில் தோளோடு தோள் முட்ட இருந்த பெடியனிடம் அட்டை இல்லை. தேத்தண்ணிக் கடையில் வேலை என்று அழுதுகொண்டிருந்தவன். அவன் எங்கே போனான் என்று ஸ்ரீஸ்கந்தராசா பிறகு யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அதன் பிறகு பிரமுகர்கள் வரவில்லை. விழாக்கள் நின்றுபோயின. ஆனாலும் தொண்டர் போய் நின்றால்தான் வாராவாரம் அட்டையில் கையெழுத்து விழும். அவன் பஸ்ஸில் ஏறி, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கிக் கையைத் தூக்கி, மறுபடி ஏறி, அந்தச் சரிவுக்குப் போய் ஒரே ஒரு குழிக்குக் காவல் இருந்தான். கடைசி விழாவில் நட்ட மருதங்கன்று, அடுத்த விழா இல்லாததால் எடுபடாமல் பையோடு அதற்குள் நின்றது. இலை மஞ்சளாகிச் சுருண்டுகொண்டு வந்தது.

ஒரு நாள் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒருவரும் இல்லை. சவர அலகை எடுத்துப் பையை அடியோடு கிழித்து, வேரை உதறிப் பிரித்து, மண்ணை அணைத்துவிட்டான். தோட்டக்காரனுக்குப் பிறந்த புத்தி. வேறு எவனாவது என்றால் சும்மா இருந்திருப்பான்.

மருது பிடித்துக்கொண்டது. நீர்த்தேக்கத்து ஈரமும் மலைவெயிலும் அதற்கு ஒத்துப்போயின. பங்குனிக்குள் புதுக்கொழுந்து, சித்திரை மழைக்கு அவன் இடுப்பளவு. அதைச் சுற்றி மண் அரிக்காமல் நின்றதை அவன் குனிந்து குனிந்து பார்த்தான். அந்த வருடம் முழுவதும் அவனுக்கு வாய்த்த ஒரே சந்தோசம் அதுதான். வீட்டுக்குப் போய், இன்றைக்கு இன்னும் ஒரு கிளை விட்டிருக்கு என்று சொல்லுவான். கமலாசனி வயிற்றில் கை வைத்தபடி, இங்கேயும்தான் என்பாள்.

ஆனி மாதம் சுற்றாடல் தினம். அவனுடைய வருடமும் அதோடு முடிகிறது. சான்றிதழ் வழங்க ஒரு அமைச்சரே வருவதாக ஏற்பாடாயிற்று. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோலப் பாதுகாப்பு அதிகாரி நாயோடு முதலில் வந்தார். வந்தவர் குழியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது என்ன?"

"மரம், சேர்" என்று றிஸ்வி சிங்களத்தில் சொன்னார்.

"நாங்கள் அனுமதி கொடுத்தது வெறுங்குழிக்கு. இது எப்போது வந்தது? யாருக்குத் தெரிவித்துவிட்டு வந்தது?"

நாய் மரத்தை மோந்து பார்த்தது. பிறகு எல்லா நாயும் மரத்துக்குச் செய்வதைச் செய்தது. அதிகாரி அதைச் சந்தேகத்துக்கு இடமான அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே சபை அவசரமாகக் கூடியது. நவரட்ணராஜா நடுக்கதிரையில் இருந்தார். ஸ்ரீஸ்கந்தராசாவை நிற்க வைத்தார்கள்.

"பையைக் கிழிக்கச் சொன்னது ஆர்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா."

"ஒருத்தரும் சொல்லாமல் செய்தனீரோ?" தலைவர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். "ஒருத்தரும் சொல்லாமல் ஒரு வேலை செய்யிற ஆளைத் தொண்டனாக வைச்சிருக்கேலாது. நாளைக்கு இன்னும் என்னவெல்லாம் செய்வீர்?"

"கண்டு சாகப் பார்த்தது ஐயா."

"செத்தால் என்ன? வேற கண்டு வைச்சிருப்பம். செத்த கண்டால இந்தச் சபைக்கு ஒரு நாளும் கரைச்சல் வந்ததில்லை. உயிரோட இருக்கிறதால வந்த வினையைப் பாரும்." அவருக்குக் குரல் உயர்ந்தது. மேடைத் தமிழ் தானாக வந்துவிட்டது. "இந்தச் சபையை நான் கட்டியெழுப்பினேன். எத்தனை பெருமக்கள் இம்மண்ணில் மரம் நாட்டினார்கள்! இத்தனை காலத்தில் ஒரு மரமாவது எங்களுக்கு இடைஞ்சலாக வளர்ந்ததுண்டா? வேர் விடுவது என்றால் என்ன பொருள்? நிலைத்து நிற்கும் எண்ணம்! இங்கே வந்த இடத்தில், எங்களைக் கேளாமல், நிலைத்து நிற்கும் எண்ணம்!"

ஒரு உறுப்பினர் எழும்பி, வளர்ந்த மரத்தை அப்படியே விட்டு, அமைச்சரைத் தண்ணீர் ஊற்ற வைக்கலாமே என்று யோசனை சொன்னார். எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றுவது பிரதி அமைச்சர் மட்டத்து வேலை. அமைச்சர் நடுகிறவர். பக்கத்தில் நடலாம் என்றால், பக்கத்து நிலத்துக்கு அனுமதி இல்லை. ஆக, சுற்றாடல் தினத்துக்கு முன்பே மரத்தை வேரோடு எடுத்துக் குழியை வெறுங்குழியாக ஒப்படைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"ஆர் பையைக் கிழிச்சதோ அவரே எடுக்கட்டும்" என்றார் தலைவர். "எடுத்தால் சான்றிதழில கையெழுத்து வைப்பன். எடுக்காட்டில், பொலிசுக்கு இப்பவே அறிவிப்பன். பிறகு வவுனியாவில போய் உமக்கு விருப்பமான அளவு மரம் வையும்."

அவன் வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தான். கமலாசனிக்கு மாதம் நிறைந்திருந்தது. கால் வீங்கி, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெல்ல வந்து அவன் பக்கத்தில் இருந்தாள்.

"வெட்டுங்கோ" என்றாள். "நான் தனியக் கிடந்து பிள்ளை பெறமாட்டன்."

சொன்ன கையோடு அவளே அழத் தொடங்கினாள். ஒரு நாளும் கண்ணால் காணாத மரத்துக்காக.

அடுத்த நாள் அவனும் றிஸ்வியும் போனார்கள். இளமரம் என்றாலும் லேசில் வரவில்லை. ஆணிவேர் நல்லாய் இறங்கியிருந்தது. அலவாங்கைக் கொடுத்து நெம்பி, மண்வெட்டியால் பக்கவேரை அறுத்து, மறுபடி நெம்ப வேண்டியிருந்தது. றிஸ்வி ஒரு பக்கம் பிடித்தவர், பாதியில் விட்டுவிட்டு லொறியில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"என்ன நாநா?"

"ஏலா தம்பி. பச்ச மரம். எங்கட மார்க்கத்தில யுத்தத்தில கூட மரத்த வெட்டாதேண்டுதான் செல்லி ஈக்கி." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பிடித்தார். "வாங்க. ஒங்கட புள்ளக்காகப் புடிக்கிறன்."

கடைசியில் மரம் ஒரு சத்தத்தோடு கிளம்பி வந்தது. அதோடு கொஞ்ச மண்ணும் சரிந்து நீர்த்தேக்கத்துப் பக்கம் உருண்டது. நாய் வந்து குழியை மோந்து, வெறுங்குழி என்று ஒப்புக்கொண்டது.

விழா சிறப்பாக நடந்தது. அமைச்சர் பொலித்தீன் பையோடு ஒரு மருதங்கன்றை நட்டார். "ஒரு மரத்தை வெட்டுபவன் ஒரு மனிதனை வெட்டுபவன்" என்று அவர் முழங்கியபோது நவரட்ணராஜா முதல் ஆளாகக் கைதட்டினார். பிறகு, கடும் நெருக்கடியிலும் சபையின் இலட்சியத்தைக் காப்பாற்றியவர் என்று தலைவரே அறிமுகம் செய்து, வருடத்தின் சிறந்த சுற்றாடல் தொண்டர் என்ற பதக்கத்தை ஸ்ரீஸ்கந்தராசாவின் கழுத்தில் போடுவித்தார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நகத்துக்குள் வேரின் சிவப்புப் பால் இன்னும் போகாமல் இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப காரணம் ஈக்கு" என்று சிரித்து, முத்திரை குத்தினார். ஒரு வருடத்துக்குச் செல்லும். அடுத்த வருடத்துக்கு அடுத்த தொண்டு. அந்தக் கிழமையே பெண்பிள்ளை பிறந்தது. அவன் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றான். வவுனியாவில் இல்லை. அதற்காக அவன் எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னான், மருதுக்குச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பிள்ளைக்குத் துடக்குக் கழித்த பிறகு அவன் மறுபடி சரிவுக்குக் காவலுக்குப் போனான். அமைச்சர் நட்ட கன்றைத் தூக்கித் தட்டித் துடைத்து நிழலில் வைத்தபோது, குழியின் விளிம்பில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்தான். அறுபட்டு மண்ணுக்குள் கிடந்த ஒரு துண்டு வேரிலிருந்து முளை ஒன்று தலை காட்டியிருந்தது. இரண்டு இலை. குழந்தையின் காது மடல்போல மெல்லியது.

அவன் எழும்பிப் பாதையைப் பார்த்தான். ஜீப் இல்லை, அதிகாரி இல்லை, தலைவர் இல்லை. றிஸ்வியும் அன்று வரவில்லை. சரிவில் ஒரு குருவியைத் தவிர உயிர் இல்லை. ஆனாலும் இன்னொருமுறை பார்த்தான். பிறகு குந்தியிருந்து, கட்டைவிரல் நகத்தால் அந்த முளையைக் கிள்ளி எடுத்தான். வேர்த்துண்டையும் விரலை விட்டுக் கிளறித் தோண்டி, தூர வீசினான். வேறு எங்காவது கிடக்கிறதா என்று குழியைச் சுற்றிச் சுற்றித் தேடினான்.

யாரும் சொல்லாமல் அவனாகச் செய்த இரண்டாவது தொண்டு அது. முதலாவதற்கு விசாரணை நடந்தது. இதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.